பிள்ளை பெறச் சொல்லும் அரசு தொட்டிலுக்கு இடம் தருமா?

திருத்தணிப் பேருந்து நிலையத்தில் இரண்டு மாநிலங்களின் பேருந்துகளும் அடுத்தடுத்து வந்துபோகும். திருப்பதி போகிற வண்டியில் ஏறினால் சற்று நேரத்தில் நகரி வந்துவிடும், அது ஆந்திரம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் ஆந்திரத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டமும், நடுவர் படாஸ்கர் அளித்த தீர்வும், 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் சேர்ந்து முருகன் மலையைச் சென்னை மாநிலத்துக்குக் கொண்டுவந்தன. கோடு மாறியது, குடும்பங்கள் மாறவில்லை. அக்கா வீடு இங்கே, தங்கை வீடு நகரியில் என்று பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்களை இந்த வட்டாரம் முழுவதும் பார்க்கலாம். இரு பக்கமும் பலருக்கு விசைத்தறிதான் பிழைப்பு.

2024 அக்டோபரில் கோட்டின் இரு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரியான குரல் எழுந்தது. மாநிலத்தில் முதியோர் பெருகுகிறார்கள், இளைஞர்கள் குறைகிறார்கள், ஆகவே கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு. ஓரிரு நாளிலேயே, அக்டோபர் 21 அன்று, இந்து சமய அறநிலையத் துறை சென்னையில் 31 இணைகளுக்கு நடத்திவைத்த திருமண விழாவில் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின், மக்களவைத் தொகுதிகள் குறையப்போகிற நிலையில் நாமும் ஏன் பதினாறு பிள்ளைகள் பெறக்கூடாது என்ற எண்ணம் வரத்தான் செய்யும் என்ற பொருளில் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த திருமணத்தில், இனி தள்ளிப்போடாமல் உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் கேட்டுக்கொண்டார். அதே மாதத்தில் விஜயநகரம் நாடாளுமன்ற உறுப்பினர் கலிசெட்டி அப்பலநாயுடு, மூன்றாவது பிள்ளை பெண்ணாக இருந்தால் 50,000 ரூபாய், ஆணாக இருந்தால் பசு தருவதாக அறிவித்தார்.

மேடையில் இருப்பவர்களின் கவலை பொய்யல்ல. ஆனால், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணின் கவலை வேறு. வயிற்றில் பிள்ளை வந்துவிட்டால் வேலைக்கு எத்தனை மாதம் போக முடியாது, பிறந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள், எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கடனை எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவள் கணக்கில் இருக்கிறது. எத்தனை பிள்ளை, எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதை அவளும் அவள் கணவனும் முடிவு செய்துகொள்வார்கள். அதிலும் அவள் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்குக் குறைவு வராமல் பார்ப்பதுதான் அரசின் வேலை. திருமண மேடைகளில் பேசப்பட வேண்டியதும் அதுதான்.

சட்டம் இருந்த பக்கமும் இல்லாத பக்கமும்

திருத்தணிக்கும் நகரிக்கும் இடையில் போகிற கோடு, அரசின் அதட்டலுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதைக் காட்டிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஆந்திரத்தில் 1994இல் சட்டம் வந்தது. முப்பதாண்டுகள் அது நடைமுறையில் இருந்தது. 2024 நவம்பரில் ஆந்திர சட்டமன்றமே அதை நீக்கியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இருந்ததே இல்லை. அந்த முப்பதாண்டுகளில் நகரியில் மூன்று பிள்ளைக்காரர் வார்டு உறுப்பினராக முடியவில்லை. திருத்தணியில் அவருடைய மச்சான் ஆக முடிந்தது.

விளைவு என்ன? 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, ஆந்திரத்தில் 1.7. மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்க 2.1 வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு இன்னும் குறைவு: தமிழ்நாடு 1.4, ஆந்திரம் 1.5. தண்டனை வைத்த பக்கமும் வைக்காத பக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பெண்பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தார்கள். பிறந்த பிள்ளைகள் பிழைத்தன. ஒன்றிரண்டு போதும் என்று குடும்பங்களே முடிவு செய்தன. பதவி பறிபோகும் என்ற பயத்தில் நிறுத்தாதவர்கள், பசு கிடைக்கும் என்ற ஆசையில் பெறப்போவதில்லை.

வெளிநாடுகளும் இதைத்தான் சொல்கின்றன. 1980களில் ஒரே குழந்தைதான் என்று கெடுபிடி செய்த சீனா, 2016இல் இரண்டுக்கும் 2021இல் மூன்றுக்கும் அனுமதி கொடுத்தது. 2025இல் மூன்று வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் தரத் தொடங்கியது. பிறப்பு பெரிதாக ஏறவில்லை. தென்கொரியா பல ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டியும் 2023இல் 0.72 என்ற அளவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு 0.75.

இன்று பெறுங்கள் என்கிற அதே அரசு நேற்று என்ன சொன்னது என்பதை நம் வீட்டுப் பெண்கள் மறக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே முன்னோடி சென்னை மாநிலம். 1956இலேயே கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்கு 30 ரூபாய் கொடுத்தது. அன்று அரசு பெரிதும் நம்பியிருந்தது ஆண்களின் அறுவை சிகிச்சையை. பிறகு குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமாகச் சிவப்பு முக்கோணம் வந்தது, சுவரெங்கும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வந்தது, அது 'நமக்கு ஒருவர்' என்றும் ஆனது. சுமை மெல்ல ஆணிடமிருந்து பெண்ணுக்கு மாறியது. ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 0.1 சதவீதம். பெறுவதும் அவள் உடம்பு, நிறுத்துவதும் அவள் உடம்பு. இப்போது மறுபடி பெறு என்று கேட்பதும் அவள் உடம்பைத்தான்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. 1992இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தால் 50,000 ரூபாயும், இரண்டு என்றால் தலா 25,000 ரூபாயும் வைப்புத்தொகை. நல்ல திட்டம். ஆனால், ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் அது பல்லாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாயும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே. மேடை ஒன்றைச் சொல்கிறது, விண்ணப்பப் படிவம் வேறொன்றைக் கேட்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மூன்றாவது குழந்தை என்ற காரணத்தைச் சொல்லி மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டதும் இதே தமிழ்நாட்டில்தான். மறுமணத்துக்குப் பிறகு அவருக்குப் பிறந்த முதல் குழந்தை அது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே மாதத் தீர்ப்பில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளோடு சேர்ந்தது என்று நீதிமன்றம் சொல்லி அவருக்கு விடுப்பு வழங்க உத்தரவிட்டது.

தொட்டிலை ஆட்டும் கால்

திருத்தணி மலைக்கோயிலுக்குக் கிருத்திகை நாளில் போனால் பிள்ளை பிறந்த மகிழ்ச்சி என்றால் என்னவென்று தெரியும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சின்னத் தலைகள் திரும்பிய பக்கமெல்லாம். மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறார்கள். பிள்ளை வீறிட்டு அழும்போது சுற்றி நிற்கிற கூட்டமே சேர்ந்து கொஞ்சுகிறது. பத்து வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 365 படியும் ஏறி வருகிற தம்பதிகளும் அதில் இருப்பார்கள். இந்த ஊரில் பிள்ளைமேல் ஆசை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

செலவும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தங்கம் விற்கிற விலையில் மாமன் சீர் கால் சவரன் தோட்டைத் தாண்டினாலே கடன்தான். அதற்கு முன்பே ஸ்கேன், மருந்து, பிரசவம் என்று ஒரு சுற்று முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குச் செலவு குறைவு. தனியாருக்குப் போகிறவர்கள், முதல் பிள்ளைக்கு வாங்கிய கடன் தீருமுன்பே எல்.கே.ஜி. கட்டணத்துக்கு நிற்கிறார்கள். அப்புறம் வேன் கட்டணம், சீருடை, ஷூ, நோட்டு, டியூஷன். கட்டணத்தை முறைப்படுத்த 2009இல் சட்டம் வந்தும், ஜூன் மாதம் அடகுக் கடைக்குப் போகாத நடுத்தரக் குடும்பங்கள் குறைவு. இரண்டாவது வேண்டாம் என்று சொல்கிற இளம் தம்பதிகள் பெரும்பாலும் சொல்வது இந்தச் செலவைத்தான்.

ஆனால், எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு செலவு இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

திருத்தணிக்கு மேற்கே அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று தறி ஓடும் ஊர்கள். ஒரு தறிக்கூடத்தில் பார்த்தேன். நான்கு தறிகள் ஓடுகின்றன. பேசினால் காதருகே வந்து கத்த வேண்டும். மூலையில் ஓர் இளம்பெண் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள். கூரை விட்டத்தில் பழைய புடவையில் தூளி. தூளியின் நுனியில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவளது கால் பெருவிரலில். கை தாரைப் பார்க்கிறது, கால் தூளியை ஆட்டுகிறது. அந்தச் சத்தத்திலும் குழந்தை தூங்குகிறது. தறி நின்றால்தான் விழித்துக்கொள்ளும் என்றார்கள். அவளுக்குக் கூலி சுற்றிய தாருக்குத்தான். குழந்தை அழுது அவள் எழுந்தால், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. பஞ்சு மிதக்கிற காற்றைத்தான் குழந்தையும் சுவாசிக்கிறது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"இன்னொண்ணு பெத்துக்க ஆசைதாண்ணா. மாமியாரும் தறிக்குத்தான் போறாங்க. யாருகிட்ட உட்டுட்டுப் போறது?"

இதில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. யாரிடம் விடுவது என்பதுதான் கேள்வி. பாட்டி வீட்டில் இருந்த காலம் போய்விட்டது. பாட்டியும் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும். முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் என்றால் எந்தப் பாட்டி வேலையை விட்டுவிட்டுப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்?

தமிழ்நாடு குழந்தைகளுக்காகச் செய்திருப்பது கொஞ்சமல்ல. அதை மறுப்பது நியாயமில்லை. சத்துணவு இருக்கிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த விழா நடந்ததே இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில். கல்லூரிக்குப் போகிற அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அரசு வருகிறது. இரண்டு வயதானால் பால்வாடி இருக்கிறது. பள்ளியில் சோறு இருக்கிறது. நடுவில் ஓர் ஒன்றரை, இரண்டு ஆண்டு இருக்கிறது. தாய் வேலைக்குத் திரும்பியாக வேண்டிய, பிள்ளை நடக்கப் பழகுகிற அந்தக் காலத்தில் யாருமே இல்லை. பால்வாடியும் மாலையாவதற்குள் மூடிவிடும். தறி இருட்டிய பிறகும் ஓடும்.

சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பின்னர் திருத்தப்பட்ட வடிவில், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சம்பளத்துடன் 26 வார விடுப்பும் கொடுத்தது. நான்கு தறி ஓடும் கூடத்தில் முப்பது பெண்களுக்கு எங்கே போவது? பெண்கள் அதிகம் வேலை செய்கிற இத்தகைய சின்ன இடங்கள் சட்டத்தின் வலைக்கு வெளியே நிற்கின்றன.

சரி, பெரிய ஆலைக்குப் போகலாம் என்றால், அங்கே கதை வேறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செல்போன் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளுடன் பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. விடுதி நல்லதுதான். ஆனால், கல்யாணம் ஆகும்வரைதான் வேலை, ஆனபின் வீடு என்று ஒரு தொழில் உலகத்தை வளரவிட்டுவிட்டு, அந்தப் பெண்களிடமே பிள்ளை பெறச் சொல்வது எப்படி நியாயமாகும்? வேலையை இழப்பதுதான் பிள்ளையின் விலை என்றால் படித்த பெண் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவாள், பிள்ளையைத் தள்ளிப்போடுவாள், சிலர் வேண்டாம் என்றே விட்டுவிடுவார்கள். அதைச் சுயநலம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

தொகுதிக் கணக்கு

மக்களவைத் தொகுதிகள் பற்றிய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 1961 கணக்கெடுப்புக்குப் பிறகு தமிழ்நாட்டின் இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976இல் அரசமைப்பைத் திருத்தி எண்ணிக்கையை நிறுத்திவைத்தார்கள். பிறகு 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை அது நீட்டிக்கப்பட்டது. அந்தக் கணக்கெடுப்புக்குக் குறிக்கப்பட்ட நாள் 2027 மார்ச் 1. அரசு சொன்னதைக் கேட்ட மாநிலம் அதனாலேயே பலம் இழப்பது அநீதி. நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் அதை எதிர்த்துப் போராட வேண்டும்.

ஆனால், 2025இல் பிறந்த குழந்தை ஓட்டுப் போடுவது 2043இல். 2027 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எல்லாக் குடும்பமும் இன்னொரு பிள்ளையோடு வந்து நின்றாலும் உத்தரப் பிரதேசத்தோடும் பிகாரோடும் நமக்குள்ள இடைவெளி மூடாது. அரசியல் சண்டையை அரசியலால்தான் ஜெயிக்க வேண்டும். அதைப் பெண்ணின் கர்ப்பப்பையில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. முதியோர் பெருகுவதும் உண்மை. 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அதற்கு முதல் மருந்து, முதுமையில் பிள்ளையை நம்பியிருக்கத் தேவையில்லாத ஓய்வூதியம். பிள்ளை இல்லாதவர்களும் கடைசிக் காலத்தில் மரியாதையாக வாழ வேண்டும்.

தறி ஊர்ப் பெண்ணுக்கு வேண்டிய குழந்தைக் காப்பகமும் ஆகாயத்துப் பூ அல்ல. கர்நாடகம் 2023இல் 'கூசின மனெ' என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் 4,000 காப்பகங்கள் அமைப்பதாக அறிவித்து, பால்வாடிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டது. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே ஓர் ஏற்பாடு இருந்தது: வேலை நடக்கும் இடத்தில் ஐந்து சிறு குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் அதே கூலி தர வேண்டும். அதைத் தறி ஊர்களுக்குக் கொண்டுவர பெரிய மூளை தேவையில்லை. தெருவுக்கு ஒரு வீடு, பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், பாலும் கஞ்சியும், தறி நிற்கும்வரை திறந்திருக்கிற கதவு. விசைத்தறிக்கு ஓரளவு மின்சாரத்தை இலவசமாகக் கொடுக்க முடிந்த அரசுக்கு, அந்தத் தறியின் அடியில் தூங்குகிற பிள்ளைக்கு ஓர் அறை கொடுக்க முடியாதா? ஒன்றிய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கிற தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. அதையும் மாற்ற வேண்டும். பெண் குழந்தை வைப்புத்தொகையிலிருந்து கருத்தடை நிபந்தனையை எடுத்தே தீர வேண்டும். எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் தாய்க்கு விடுப்பும் உதவியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் வந்தாலும் பிறப்பு விகிதம் ஏறாமல் போகலாம். போகட்டும். பிறந்த பிள்ளை நன்றாக வளர்வதற்காகச் செய்கிற செலவு அது. இன்னும் பெறுவதற்கான லஞ்சம் அல்ல.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்பதை விட்டுவிடுவோம். ஒன்றோடு நிறுத்தியவளிடம் துணைக்கு இன்னொன்று வேண்டாமா என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று இருப்பவர்களை இருக்கவிடுங்கள். வேண்டி நிற்பவர்களிடம் மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் தெருவில் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் எந்த மாதம் வரும்?